ஸோயி: ஒரு பெயரின் அர்த்தம்



சமீப வருஷங்களில் நம் பெண்பிள்ளைகளுக்கு 'ஸோயி' என்று பெயரிடுவதை அதிகமாய்க் காண்கிறேன். "இதென்ன புதுப் பேரு? வேதத்திலேயே இல்லையே!" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆராய்ந்து பார்ப்போம்.

அர்த்தம்: ஸோயி என்பது கிரேக்கச் சொல். 'ஜீவன்' என்று பொருள். இன்றைக்கும் கிரேக்க தேசத்தார் தங்கள் அன்றாடப் பேச்சில் வாழ்க்கையை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். பெண்களுக்குப் பேராகவும் வைக்கிறார்கள். 1042-ல் கான்ஸ்டான்டிநோபிளில் தன் சகோதரி தியோடோராவோடு சேர்ந்து அரசாண்ட மகாராணியின் பெயரும் ஸோயிதான்.

ஆரம்பம்: ஆதியாகமம் 3:20-ஐத் திறந்து பாருங்கள். ஆதாம் தன் மனைவிக்குப் பெயரிடுகிறான். எபிரெயுவில் அது 'ஹவ்வா'; ஜீவன் என்ற சொல்லோடு சேர்ந்த பெயர். கி.மு. 3-ம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சந்திரியாவில் யூதர்கள் ஐந்தாகமங்களைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். அப்போது இந்த வசனத்தில் பெயரின் ஓசையை விட்டுவிட்டு, அர்த்தத்தையே 'ஸோயி' என்று எழுதினார்கள். 4:1-லோ ஓசையின்படி 'ஏவா' என்று எழுதினார்கள். நம்முடைய 'ஏவாள்' ஓசை வழியாய் வந்த பெயர். அதனால்தான் அதின் அர்த்தம் நம்ம காதில் விழுவதில்லை. ஆக, ஸோயி புதுப் பேரு அல்ல. முதல் ஸ்திரீயின் பேரு!

பெயரிட்ட வேளை: இதற்கு முந்தின வசனம் என்ன? மனுஷன் மண்ணுக்குத் திரும்புவான் என்ற தீர்ப்பு! அதைக் கேட்ட கையோடே ஆதாம் அவளை 'ஜீவன்' என்று அழைக்கிறான். அப்போது அவள் ஒரு பிள்ளையும் பெற்றிருக்கவில்லை. கண்முன் மரணம்; வாயிலோ ஜீவன். இதை நான் விசுவாசத்தின் பேச்சு என்றே சொல்லுவேன்.

ஒரு எச்சரிப்பு: 'பியோஸ்' என்றால் சரீர வாழ்வு, 'ஸோயி' என்றால் நித்திய ஜீவன் என்று சிலர் போதிக்கிறார்கள். அப்படியே பிரித்துவிட முடியாது. லூக்கா 16:25-ல் ஐசுவரியவான் பூமியில் சுகமாய் வாழ்ந்த வாழ்வுக்கும் ஸோயி என்ற சொல்தான் வருகிறது. அந்த ஸோயி அவனோடு நிலைக்கவில்லையே! யோவான் 17:3-ல் 'நித்திய' என்ற சொல்லும் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். அது தேவனை அறிகிற ஜீவன்.

பெற்றோரே, அழகான பேரு வைத்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்த ஜீவன் எங்கே கிடைக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? ஆமென்.