உறைபனியும் தென்னங்குருத்தும்

அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்துத் தென்கரையில் தென்னை செழித்து வளர்கிறது. ஆயினும் வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கும் சில இரவுகளில் அங்கு உஷ்ணம் 32 டிகிரி பாரன்ஹீட்டளவுக்குத் தாழ்வதுண்டு. 1977 ஜனவரியில் மயாமி நகரிலேயே வெண்பனி தூவிற்று.

தென்னைக்குக் கிளையில்லை, அதன் உயிர் உச்சிக் குருத்தொன்றிலேயே அடங்கியுள்ளது. ஓலை கருகினாலும் மரம் பிழைக்கும். குருத்தின் அடி மடிந்தால் மரமும் மடியும். ஆகையால் இளங்கன்று உடையோர் குளிர் வருமுன் வேருக்கு நீர் பாய்ச்சி, மட்டைகளை மேல்நோக்கிக் குவித்துத் தளரக் கட்டி, சாக்கினால் சுற்ற வேண்டும். குளிர் தணிந்து வெயிலேறியதும் போர்வையை அகற்றுதல் அவசியம். சாம்பல்சத்துக் குறைந்த மரங்கள் குளிரைத் தாங்கா. அவற்றுக்கு அவ்வுரத்தை முன்னதாகவே இட வேண்டும்.

பெருந்தவறு நேர்வது பனிக்குப் பின்னரே. கருகிய ஓலை பார்வைக்கு நன்றாயில்லை யென்று பலர் உடனே கழித்துவிடுகின்றனர். அடுத்த பனிக்குக் குருத்தை மூடி நிற்பது அவ்வோலையன்றோ! குளிர்காலம் கழியும்வரை அதை விட்டுவைத்தலே நலம்.

குருத்து இழுத்தவுடன் கையோடு வந்துவிட்டாலும் மரம் போயிற்றென்று துணியலாகாது. அழுகலை நீக்கி, இந்நாட்டில் குருத்தழுகலுக்கு இடும் மயில்துத்தச் சுண்ணக் கலவை போன்ற தாமிர மருந்தைத் தெளித்து, பத்து நாள் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும்; அதற்குமேல் தாமிரம் மரத்துக்கே கேடாம். புதுக்குருத்து தலைகாட்டச் சில மாதங்கள் செல்லும்.