நீலக் கதவு

தில்லியில் புகைப்படக் கலை பயிலும் மாணவன் நான். "பொத்தானை அழுத்துவதற்கும் ஒரு படிப்பா?" என்று விடுதி நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அவர்களுக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். விடையோடு என் பிழை ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காமிராவைக் கையாளும் முறையைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். ஒளி புகும் துளை எவ்வளவு விரிய வேண்டும், திரை எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பன கணக்கைச் சேர்ந்தவை. கணக்கு முடிந்த இடத்தில்தான் படிப்புத் தொடங்குகிறது. அங்கே இரண்டு கேள்விகள் நிற்கின்றன. படம் சொல்லும் கதை யாது? அதைச் சொல்பவர் யார்?

முதற் கேள்விக்கு நம் இலக்கணமே வழி காட்டுகிறது. அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்நிலத்து உணவு, மரம், விலங்கு, தொழில் போன்றவை. உரி என்பது மக்கள் உள்ளத்து ஒழுக்கம். பத்துப் படங்கள் கொண்ட ஒரு தொடருக்கும் இம்மூன்றும் வேண்டும். எங்கே, எப்பொழுது என்று காட்டும் படம் முதல். அடுப்பு, செருப்பு, சுவரில் தொங்கும் நாட்காட்டி ஆகியவை கரு. இவற்றை எங்களைப் போன்ற தொடக்க மாணவர்கள் எளிதில் குவித்துவிடுவோம். உரிதான் கைக்கு அகப்படாது.

வரிசையும் கதையை மாற்றும். பூட்டிய கதவை முதலில் வைத்து, அக்கதவருகே சிரிக்கும் குழந்தையை அடுத்து வைத்தால், யாரோ வீடு திரும்பியதாகத் தோன்றும். குழந்தையை முதலில் வைத்துப் பூட்டிய கதவைப் பின்னால் வைத்தால், அதே இரு படங்கள் பிரிவைச் சொல்லும்.

இரண்டாம் கேள்வி இதனினும் கடினம். இந்தியாவின் முதல் பெண் செய்திப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா 1942இல் தில்லிக்கு வந்து, விடுதலைக் காலத்துப் பெருநிகழ்ச்சிகளைப் படமெடுத்தவர். அவருடைய தொடக்க காலப் படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. கண் அவருடையது, பெயர் வேறொருவருடையது.

தில்லியில் பிறந்த தயானிதா சிங் இக்கேள்வியை இன்னும் ஒரு படி மேலே கொண்டு சென்றார். 1989இல் இலண்டன் இதழ் ஒன்றுக்காக மோனா அகமது என்னும் திருநங்கையைப் படமெடுத்தார். படங்கள் இலண்டனில் வெளியாகும் என்று அறிந்ததும் மோனா அஞ்சினார். அங்கே அவருக்கு உறவினர் இருந்தனர். தயானிதா படச்சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று இழந்தது ஒரு சுருள். பெற்றது நீண்ட கால நட்பு. 2001இல் மோனாவைப் பற்றிய நூல் வெளிவந்தபோது, படங்களோடு அச்சேறியவை பதிப்பாளருக்கு மோனாவே எழுதிய மின்னஞ்சல்கள். படம் தயானிதாவுடையது, கதை மோனாவுடையது.

இதையெல்லாம் வகுப்பில் படித்துக் குறிப்பும் எடுத்தவன்தான் நான். இனி என் பிழையைக் கேளுங்கள்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பயிற்சிக்காக ஜங்புராவை அடுத்த மதராசி கேம்ப்புக்குச் சென்றேன். பாராபுல்லா ஓடைக்கரையில் பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. அருகிலுள்ள வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர் பலர். ஓடையையும் தகரக் கூரையையும் விரிந்த சுவரையும் மாறி மாறி எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அழைத்தார்.

"தம்பி, ஒடஞ்ச செவுத்தையே எடுக்கறீங்களே! பொங்கலுக்குத்தான் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடிச்சோம். அது முன்னால எங்கள நிக்க வெச்சு ஒண்ணு எடுங்க."

அவர் மனம் கோணக்கூடாதென்று எடுத்தேன். அன்று இரவு படங்களைத் தெரிந்தெடுத்தபோது, "இது கடையில் எடுத்த குடும்பப் படம்போல் இருக்கிறது, இதில் கலை எங்கே?" என்று எண்ணி அழித்துவிட்டேன். ஓடைப் படங்களுக்கு வகுப்பில் பாராட்டுக் கிடைத்தது.

ஓடையைச் சீர்ப்படுத்துவது பற்றிய தில்லி உயர் நீதிமன்ற ஆணையின்படி, 2025 ஜூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள் இருந்தன. அவற்றுள் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை எனக் கணக்கிடப்பட்டன. சில வாரங்கள் கழித்து அந்த அக்கா தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, அந்த நீலக் கதவுப் படம் இருக்கா? அந்த வீட்டுல எடுத்தது வேற ஒண்ணும் இல்ல."

என்னிடம் ஓடைப் படங்கள் அறுபது இருந்தன. அவர் கேட்டது இல்லை. "இல்லை அக்கா" என்றேன். "பரவால்ல தம்பி, நல்லாப் படிங்க" என்றார். அச்சொல்லே என்னைச் சுட்டது.

நண்பர்களே, அந்த ஒரு படத்தில் முதலும் கருவும் உரியும் ஒருங்கே இருந்தன. அதை அறிந்தவர் அக்கா. அறியாதவன் படித்த நான். தன்னை வெளிப்படுத்துவது என்றால் தன் விருப்பத்தை மட்டும் பிறர்மேல் ஏற்றுவது என்று எண்ணியிருந்தேன். எங்கே நின்று பார்க்கிறோம், யாருடைய சொல்லுக்குச் செவி கொடுக்கிறோம் என்பதும் அதில் அடங்கும் என்று இப்போது அறிகிறேன். ஓடைப் படங்களும் என்னை வெளிப்படுத்தத்தான் செய்தன. நான் விரும்பிய வண்ணம் அன்று.

காமிரா உள்ள கைபேசி உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. விடுதிச் சமையற்காரரையோ வாயிற்காவலரையோ எடுக்க விரும்பினால், "உங்களை எப்படி எடுக்கட்டும்?" என்று முதலில் கேளுங்கள். அவர் சொன்னபடி ஒன்றும், உங்கள் எண்ணப்படி ஒன்றும் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு படி கொடுங்கள். அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.