அசல் பாடி கிட்டா, மாற்றுக் கிட்டா? அடக்க விலை போட்டுப் பாருங்கள்



பருப்பு மண்டிக்காரன் கார் பாகங்களைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருந்தால் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுகிற நாம், அடுத்த கடைக்குப் போய்ப் பொருள் வாங்கும்போது ஏமாந்துவிடுகிறோம். நான் ஏமாந்து கற்ற பாடம் இது.

என் மகன் தன்னுடைய ஸ்விஃப்ட் காருக்கு பாடி கிட் போட ஆசைப்பட்டான். முன் பம்பருக்குக் கீழே வரும் லிப், இரு பக்கமும் கதவுகளுக்கு அடியில் வரும் ஸ்கர்ட், பின்பக்க ஸ்பாய்லர் ஆகியவை சேர்ந்ததுதான் பாடி கிட். கம்பெனி டீலரிடம் பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய் என்றார்கள். வெளிக்கடை ஒன்றில் அதே மாதிரி 9,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வியாபாரி புத்தி, மலிவின் பக்கம் சாய்ந்தேன்.

பொருத்தும்போது ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. தேய்த்து, பட்டி பார்த்து, புதிதாகத் துளை போட்டுத் திருகினார்கள். அதற்குக் கூலி 3,500. பெயிண்டுக்கு 6,500. ஆக 19,000 ஆயிற்று. எட்டாவது மாதம் ஓர் இரவு, நான்கு வழிச் சாலையில் லிப் கழன்று விழுந்தது. பின்னால் குழந்தையோடு பைக்கில் வந்த தம்பதி நூலிழையில் தப்பினார்கள். அந்த மனிதர் திட்டியபோது பதில் பேச முடியாமல் நின்றோம். வேறு லிப் வாங்கிப் பெயிண்ட் அடித்ததில் இன்னும் 5,500. மொத்தம் 24,500. நான் மிச்சம் பிடித்தது வெறும் 1,500 ரூபாய். அதற்காக மூன்று உயிர்களைப் பணயம் வைத்திருக்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது? கம்பெனி பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கை இரும்பு அச்சில் செலுத்தி வார்க்கப்படுபவை. அளவு மாறாது, லேசாக இடித்தால் வளைந்து மீளும். மலிவான மாற்றுப் பாகங்கள் பல, அசலிலிருந்து அச்சு எடுத்து ஃபைபர் கிளாஸில் கையால் செய்யப்படுபவை. பிசின் காயும்போது கொஞ்சம் சுருங்கும். நகலுக்கு நகல் எடுக்க எடுக்க அளவு தவறும். இடித்தால் வளையாது, வெடிக்கும். ஆனால் ஒன்று, வெடித்த ஃபைபரை ஒட்டிச் சரி செய்வது எளிது.

சந்தையில் இருப்பவை இரண்டல்ல, மூன்று வகை என்பதை நினைவில் வையுங்கள். முதலாவது, கார் கம்பெனியின் அசல். இரண்டாவது, வேறு தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரிலேயே விற்கும் மாற்றுப் பொருள். இது நேர்மையான வியாபாரம், தரமானதும் உண்டு. மூன்றாவது, கம்பெனியின் முத்திரையைத் திருடி ஒட்டிய போலி. இது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நம் கடைச் சரக்குக்கும் இதே சட்டம்தான்.

சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி கார்டு மாட்டுவதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் வேகத்தை அது நேரே சட்டத்துக்குக் கடத்திவிடும். ஏர்பேக் சென்சார் வேலையையும் கெடுக்கலாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. பாக எண், அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, ஹோலோகிராம் ஆகியவற்றைப் பாருங்கள். பாக எண்ணை டீலரிடம் சரிபாருங்கள்.

2. பெயிண்ட் அடிக்கும் முன் வண்டியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி ஒரே சீராக இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். பெயிண்ட் அடித்தபின் யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

3. லிப் தாழ்வாக இருந்தால் நம் ஊர் வேகத்தடையில் இடிக்கும். தரையிலிருந்து உயரத்தை அளந்து பாருங்கள்.

4. பின்னால் சேர்க்கும் பாகத்தை இன்சூரன்ஸில் தெரிவித்து, அதன் மதிப்பையும் சேருங்கள். வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்.

5. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாதவனுக்கு வழக்கும் இல்லை.

பழைய வண்டிக்கு, அழகுக்காக மட்டும் சின்னப் பொருள் வேண்டுமென்றால் நல்ல பெயருள்ள மாற்றுப் பொருளே போதும். வேகத்தில் காற்றைத் தாங்க வேண்டிய பாகம் என்றால், அசலை வாங்குங்கள். அல்லது வாங்காமலே இருங்கள். பாடி கிட் இல்லாமலும் கார் ஓடும்.

கொள்முதல் விலை வேறு, அடக்க விலை வேறு. இதை நாம் தினமும் கடையில் சொல்கிறோம். வீட்டுக்கு வாங்கும்போதும் மறக்காமல் இருப்போம்.