கைபேசி வாங்குமுன் கேட்க வேண்டியது

வியாபாரிகளாகிய நாம் தராசு வாங்கினால் முத்திரை பார்த்து வாங்குகிறோம். கைபேசியை மட்டும் நிறத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். உள்ளே இருந்து அதை நடத்தும் இயங்குதளம் எது, அது எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்பவர் நம்மில் சிலரே.

இயங்குதளம் ஒரு சந்தைக் கூடம் போன்றது. கூடம் கட்டியவன் ஒருவன். அதில் கடை விரிப்பவர் பலர். வாட்ஸ்அப், வங்கிச் செயலி, தமிழ் எழுத்து எல்லாம் அந்தக் கடைகளே. ஒரு கூடத்திற்குச் செய்த கடையை மற்றொன்றில் அப்படியே தூக்கி வைக்க முடியாது.

இதற்கு நம் நாட்டவர் ஒருவரே சான்று. மலேசியரான முத்து நெடுமாறன் கைபேசியில் தமிழில் எழுதுவதற்குச் செய்த 'செல்லினம்', 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாயிற்று. அப்போது நோக்கியாவின் ராஜ்யம். 2007-இல் ஐபோன் வந்தது. 2008-இல் ஆண்ட்ராய்டு வந்தது. செல்லினமும் 2009-இல் ஐபோனுக்கென்றும், 2012-இல் ஆண்ட்ராய்டுக்கென்றும் தனித்தனியே வந்தது. தமிழ் ஒன்றுதான், உழைப்போ ஒவ்வொரு கூடத்திற்கும் புதிது.

செயலி செய்பவர் எத்தனை கூடங்களில்தான் கடை போடுவார்? ஆள் கூடும் இடத்தில்தான் போடுவார். கடை நிறைந்த இடத்திற்குத்தான் ஆளும் போவார்கள். நோக்கியாவின் சிம்பியன் இப்படித்தான் சரிந்தது. 2011-இல் நோக்கியா மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனுக்கு மாறிப் பார்த்தது. கருவியில் குற்றமில்லை, கடைகள்தாம் வரவில்லை. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு, பல்லாயிரம் பேருக்கு வேலை போயிற்று. வரி வழக்கும் அதற்குக் காரணம். பழி முழுவதையும் இயங்குதளத்தின் தலையில் போடுவது நியாயமல்ல.

ஹூவாவே கதை வேறு மாதிரி. ஆண்ட்ராய்டின் மூல நிரல் யாருக்கும் பொது. ஆனால் கூகுளின் கடையை உள்ளே வைக்க உரிமம் வேண்டும். 2019 மே மாதம் அமெரிக்க அரசு தடை விதிக்கவே, அவ்வாண்டு செப்டம்பரில் வந்த மேட் 30 கைபேசி கூகுளின் கடை இல்லாமல் வந்தது. அந்தக் கம்பெனி ஹார்மனி என்ற சொந்தக் கூடத்தையும் கட்டியது. வல்லமை பெரிதுதான். கம்போங் ராஜாவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு அதனால் ஆகும் பயன், நம் வங்கியின் செயலி அதில் ஓடுமா என்பதைப் பொறுத்தது.

தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களும் காய்கறித் தோட்டக்காரர்களும் இப்போது சாமான் பட்டியலை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். அந்த வாட்ஸ்அப் 2017-இல் சிம்பியனையும் பிளாக்பெர்ரியையும், 2019 முடிவோடு விண்டோஸ் போனையும் கைவிட்டது. கைபேசி உடையாமலே ஒரு நாள் காலையில் கடை ஊமையாகிவிடும்.

ஆகவே கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருஷம் வரை வரும்? நம் வங்கிச் செயலி இதில் ஓடுமா? பல கடைகளில் பணம் வாங்கும் அட்டை இயந்திரமும் இன்று ஆண்ட்ராய்டில்தான் ஓடுகிறது. அதற்கும் இதையே கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சரக்கை வாங்குவதானால், கடன்காரர் பெயரும் எண்ணும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இருக்கட்டும்.