இரட்டைப் பிணைப்பும் சில பொய்க் கணக்குகளும்

இரண்டு கார்பன்கள் ஒற்றைப் பிணைப்பால் சேர்ந்திருந்தால், அதை அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 347 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அப்படியானால் இரட்டைப் பிணைப்புக்கு 694, முப்பிணைப்புக்கு 1041 என்று பெருக்கிப் போட்டுவிடலாமா? நிறைவுறா ஹைட்ரோகார்பன் பாடத்துக்குள் நுழையும் மாணவர் பலர் மனத்துக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு இதுதான். அளந்து பார்த்தால் இரட்டைக்குச் சுமார் 614, மூன்றுக்குச் சுமார் 839 என்று நின்றுவிடுகிறது.

இரண்டாவது பிணைப்பு முதலாவதன் நகல் அல்ல. முதலாவதான சிக்மா பிணைப்பில் இரு கார்பன்களின் ஆர்பிட்டால்களும் நேருக்கு நேர் மேற்பொருந்துகின்றன. இரண்டாவதான பை பிணைப்பில் அவை பக்கவாட்டில்தான் தொட்டுக்கொள்கின்றன. அதன் எலக்ட்ரான்கள் அச்சுக்கு மேலும் கீழும் வெளியே கிடக்கின்றன. 614இல் அதன் பங்கு சுமார் 267தான்.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு தவறான எண்ணமும் போய்விடும். "இரட்டைப் பிணைப்பு அதிக வலிமையானது, ஆகவே ஒற்றைப் பிணைப்புள்ள ஈத்தேனைவிட இரட்டைப் பிணைப்புள்ள ஈத்தீன் சாதுவாக இருக்கும்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருட்டில் வைத்த புரோமினை ஈத்தேன் சீண்டுவதே இல்லை. ஈத்தீன் அதன் செம்பழுப்பு நிறத்தைச் சட்டென்று போக்கிவிடுகிறது. வினைக்கு முழுப் பிணைப்பும் அறுபட வேண்டியதில்லை. எட்டும் தூரத்தில் இருக்கும் பை பிணைப்பு திறந்தால் போதும்.

சரி, முப்பிணைப்பில் இரண்டு பை பிணைப்புகள் இருக்கின்றனவே, ஈத்தைன் இன்னும் வேகமாகப் புரோமினோடு சேருமா? சேராது; ஈத்தீனைவிட மெதுவாகத்தான் சேரும். அங்கே கார்பன்கள் நெருங்கி நிற்கின்றன. ஈத்தீனில் 134 பிக்கோமீட்டராக இருந்த இடைவெளி ஈத்தைனில் 120ஆகிவிடுகிறது. எலக்ட்ரான்களையும் அவை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடியால்தான் ஈத்தைன் தன் ஹைட்ரஜனைச் சோடமைடு போன்ற வலுவான காரத்திடம் விட்டுக்கொடுக்கிறது. ஈத்தீன் அப்படிச் செய்வதில்லை.

மெதுவாகச் சேரும் என்றதும் ஈத்தைனை, அதாவது வெல்டிங் பட்டறையின் அசிட்டிலீனை, பாதுகாப்பான வாயு என்று நினைத்துவிட வேண்டாம். ஆக்சிஜன் இல்லாமலே சிதறி வெடிக்கும் அளவுக்கு அதனுள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது. மற்ற வாயுக்களைப் போல வெற்று உருளையில் அழுத்தி அடைத்தால் ஆபத்து. அதனால் பட்டறைச் சிலிண்டருக்குள் நுண்துளைகள் கொண்ட பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்கவைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அசிட்டோன் குழாய் வழியே வந்துவிடும். கலங்கரை விளக்கங்களில் அசிட்டிலீனை எரிக்கத் தானியங்கிக் கருவிகள் செய்த சுவீடன் பொறியாளர் குஸ்தாஃப் டாலேனுக்கு 1912இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு நடந்த ஒரு அசிட்டிலீன் வெடிப்பில் அவர் பார்வையை இழந்தார்.

ஆய்வகத்தில் அதிகம் அடிபடும் நம்பிக்கை புரோமின் நீர் பற்றியது. நிறம் போனால் நிறைவுறாச் சேர்மம், போகாவிட்டால் நிறைவுற்றது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். இரண்டு பக்கமும் இது ஓட்டைதான். பீனாலும் புரோமின் நீரின் நிறத்தைப் போக்கும், கூடவே வெள்ளை வீழ்படிவும் தரும். அதில் ஆல்கீன்களுக்குரிய தனி இரட்டைப் பிணைப்பு ஏதும் இல்லை. மறுபக்கம் பென்சீன். மூன்று இரட்டைப் பிணைப்புகளோடு நாம் வரையும் அந்த அறுகோணம் புரோமின் நீரைப் பொருட்படுத்துவதே இல்லை.

பென்சீனை 1825இல் மைக்கேல் ஃபாரடே பிரித்தெடுத்தார், விளக்கெரிக்கும் வாயுவை அழுத்தி அடைத்த கலன்களில் தங்கிய எண்ணெயிலிருந்து. வளைய அமைப்பை 1865இல் முன்வைத்தவர் வேதியியலாளர் கெக்குலே. தன் வாலைத் தானே கவ்வும் பாம்பைக் கனவில் கண்டுதான் அது தோன்றியது என்ற கதையைப் பாடப்புத்தகங்கள் விடாமல் சொல்லி வருகின்றன. அவர் அதைச் சொன்னது கால் நூற்றாண்டு கழித்து, 1890இல், பெர்லினில் அவரைப் பாராட்டி நடந்த விழாவில். விழா மேடைப் பேச்சை ஆய்வுக் குறிப்பாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம்தான்.

கனவைவிட வெப்ப அளவீடு நம்பகமானது. ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள சைக்ளோஹெக்சீனோடு ஹைட்ரஜன் சேரும்போது மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. பென்சீனில் மூன்று இருந்தால் 360 வர வேண்டும். வருவது 208 மட்டுமே. இடையில் காணாமல்போன 152 கிலோஜூல் அளவுக்குப் பென்சீன் தன் படத்தைவிட நிலையாக இருக்கிறது. ஆறு எலக்ட்ரான்களும் எந்த இரு கார்பன்களுக்கும் சொந்தமாகாமல் வளையம் முழுவதற்கும் பொதுவாக இருப்பதே காரணம். 1929இல் கேத்லீன் லான்ஸ்டேல் எக்ஸ் கதிர்களால் ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகத்தை ஆராய்ந்து, வளையம் தட்டையான அறுகோணம் என்று காட்டினார். பென்சீனில் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், சுமார் 139 பிக்கோமீட்டர். ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருவது நம் பேனாவில்தான்.

CnH2n என்ற வாய்பாட்டைக் கண்டதும் ஆல்கீன் என்று முடிவுகட்டுவதும் தவறு, சைக்ளோஹெக்சேனும் C6H12தான்.

மாம்பழப் பருவத்தில் ஒரு பயம் கிளம்பும்: "வாயு வைத்துப் பழுக்கவைத்த பழமெல்லாம் விஷம்." இதில் பாதி உண்மை இருப்பதால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வருகிறது. தொழிற்சாலைக் கார்பைடில் பாஸ்பரஸ், ஆர்சனிக் சேர்மங்கள் கலந்திருக்கும் என்பதால் நச்சுத்தன்மை மிகுந்த பாஸ்பீனும் ஆர்சைனும் கூடவே வரலாம். எனவே கார்பைடைப் பழத்துக்குப் பயன்படுத்த இந்தியாவின் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை விதித்திருக்கின்றன. அந்தத் தடை சரியே.

ஈத்தீன் அப்படியல்ல. சந்தையில் எத்திலீன் என்ற பழைய பெயரில் வழங்கும் இந்த வாயுவைப் பழமே உற்பத்தி செய்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ் என்ற இளம் ஆய்வாளரின் பட்டாணி நாற்றுகள் நிமிர்ந்து வளராமல் பக்கவாட்டில் படர்ந்தன. விளக்கு வாயுவில் கலந்திருந்த ஈத்தீனே காரணம் என்று அவர் 1901இல் எழுதினார். கனியும் பழம் ஈத்தீனை வெளிவிடுகிறது என்பதை ரிச்சர்டு கேன் 1934இல் நிறுவினார். இதையெல்லாம் அறியாமலே நம் ஊர்களில் வாழைத்தாருக்கு மூட்டம் போட்டார்கள்; அந்தப் புகையிலும் ஈத்தீன் உண்டு.

செடியின் செல்லில் ஈத்தீனை உணரும் புரதத்துக்குள் ஒரு செம்பு அயனி இருக்கிறது. வெளியே கிடக்கும் அந்தப் பை எலக்ட்ரான்கள் அதில்தான் ஒட்டிக்கொள்கின்றன. அவை இல்லாத ஈத்தேனால் பழத்தைப் பழுக்கவைக்க முடியாது. அசிட்டிலீனால் முடியும், ஆனால் பல மடங்கு அதிக அளவு வேண்டும். பழம் பழுக்கவைக்கும் அறைகளில் 100 பிபிஎம் வரை ஈத்தீன் வாயுவை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. பொடியாகவோ திரவமாகவோ உள்ள ஈத்தீன் மூலப்பொருள் பழத்தின் மேல் நேரடியாகப் படக் கூடாது.

சமையலறையில் நிலவும் நம்பிக்கை, "நிறைவுறாக் கொழுப்பு எல்லாம் நல்லது" என்பது. எண்ணெய் ஹைட்ரோகார்பன் அல்லதான். ஆனால் அதன் நீண்ட வாலில் உள்ள இரட்டைப் பிணைப்புக்கு அதே குணம். நிக்கல் வினையூக்கியால் ஹைட்ரஜனைச் சேர்க்கும் முறையைக் கண்ட பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியேயும் 1912இல்தான் நோபல் பெற்றார். அந்த வழியில் வந்ததுதான் வனஸ்பதி. இந்தியாவில் டால்டா 1937இல் அறிமுகமானது. முழுமையாகச் சேர்க்காமல் பாதியில் நிறுத்தும்போது, திறந்த பை பிணைப்புகளில் சில ஹைட்ரஜனை ஏற்காமலே மறுபடி மூடிக்கொள்கின்றன, ஆனால் திசை மாறி. வளைந்த சிஸ் வால் நிமிர்ந்த டிரான்ஸ் வாலாகிவிடுகிறது. டிரான்ஸ் கொழுப்பும் நிறைவுறாக் கொழுப்புதான், இதயத்துக்கோ கெடுதல். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் அதன் உச்சவரம்பு 2 சதவீதம்.

பாலிஎத்திலீன் பையில் இரட்டைப் பிணைப்பைத் தேடாதீர்கள். 1933இல் வேதியியலாளர்கள் கிப்சனும் ஃபாசெட்டும் உயர் அழுத்தத்தில் ஈத்தீனிலிருந்து எதிர்பாராமல் பெற்ற மெழுகு போன்ற அந்தப் பொருளில் பை பிணைப்புகள் அனைத்தும் சங்கிலியாகச் சேர்வதிலேயே செலவாகியிருந்தன. அது நிறைவுற்றது, மண்ணில் கிடந்து மக்காமல் அடம்பிடிப்பதில் அதற்கும் பங்குண்டு.

ஹைட்ரோகார்பன் என்றாலே பெட்ரோல், மண்ணெண்ணெய் என்று நினைப்பவர்கள் தக்காளியைப் பார்க்கலாம். அதன் சிவப்பு லைகோபீன், C40H56, பதின்மூன்று இரட்டைப் பிணைப்புகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்திலிருந்து வடிக்கும் ரப்பரும் நிறைவுறா ஹைட்ரோகார்பன்தான். அதன் இரட்டைப் பிணைப்புகளை ஒட்டித்தான் கந்தகம் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, ரப்பரை டயராக்குகிறது.

அதனால்தான் "ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் டயர் கெடாது" என்பதும் பொய்க்கிறது. காற்றில் சொற்பமாக உள்ள ஓசோன் அதே இரட்டைப் பிணைப்புகளை வெட்டிக்கொண்டே இருக்கும். டயரின் பக்கச் சுவரில் வெடிப்புகள் விழும். இதைத் தடுக்க டயர் கலவையில் மெழுகும் ஓசோன் தடுப்பான்களும் சேர்க்கிறார்கள். ட்யூபுக்கு வேறு வழி. அதற்கான பியூட்டைல் ரப்பர் பெரும்பாலும் ஐசோபியூட்டிலீனால் ஆனது. அதில் ஐசோப்ரீனைச் சில சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. கந்தகம் பற்றிக்கொள்ள அந்தச் சில இரட்டைப் பிணைப்புகளே போதும்.