ஆயுதமும் அகவையும்



எத்தனை வயது நிறைந்தால் வாக்களிக்கலாம் என்று குடிமையியல் வகுப்பில் கேட்டால், "பதினெட்டு" என்று எல்லாரும் ஒரே குரலில் விடை கூறுவர். எத்தனை வயது நிறைந்தால் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டால் வகுப்பில் அமைதி நிலவும். பெண்பிள்ளைகளாகிய நமக்கு எதற்கு அந்தக் கேள்வி என்று சிலர் எண்ணவும் கூடும். ஆனால் ஒரு செயலுக்குச் சட்டம் வயதைக் குறிக்கும்போது, அதற்கு முன் அந்தப் பொறுப்பை ஒருவரால் சுமக்க இயலாது என்றே அது சொல்கிறது. பொறுப்பு என்பது வயதோடு தானாக வந்து சேருகிறதா, அல்லது நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றா? இதையே இக்கட்டுரையில் சிந்திப்போம்.

சட்டம் வந்த வரலாறு

நம் திருநெல்வேலிச் சீமைக்கும் ஆயுதச் சட்டத்திற்கும் பழைய தொடர்பு உண்டு. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அடுத்த பாளையக்காரர் போரும் 1801இல் அடக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் ஆங்கிலக் கம்பெனியார் ஓர் அறிக்கை வெளியிட்டு, பாளையக்காரர்களும் அவர்களுடைய குடிகளும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தனர். 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதற்கும் வந்தது. இந்தியர் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு என்பதே அதன் போக்கு. அந்த அவமதிப்பை நம் தலைவர்கள் மறக்கவில்லை. 1931இல் கராச்சி காங்கிரஸ் இயற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

விடுதலைக்குப் பின் 1959இல் நம் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. இனத்தைப் பார்த்த பழைய சட்டத்தின் இடத்தில், ஒருவருடைய வயதையும் நடத்தையையும் தேவையையும் பார்க்கும் சட்டம் வந்தது. இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே.

இன்றைய சட்டம் கூறுவது

அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு துப்பாக்கிக்குரிய வயதைக் கூறுகிறது. முதலில் அது 16ஆக இருந்தது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 21ஆக உயர்த்தியது. இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். 1988இல் வந்த அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. ஆறு ஆண்டுகளுக்குள் நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் வயது கீழே இறங்கிற்று. துப்பாக்கி வாங்கும் வயது மேலே ஏறிற்று. இளைஞரின் அறிவை நம்பாததால் அன்று. தவறாக இட்ட வாக்கை அடுத்த தேர்தலில் திருத்திக்கொள்ளலாம். தவறாகச் சுட்ட குண்டைத் திருப்பி அழைக்க இயலாது.

நம் சட்டங்கள் வகுத்துள்ள வயதுப் படிகள் சிலவற்றை நினைவிற் கொள்வோம்:

14 வயது வரை: பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துதல் கூடாது.
16 வயது: 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டி ஓட்ட உரிமம் பெறலாம்.
18 வயது: வாக்குரிமை, மோட்டார் சைக்கிள், கார் ஓட்டும் உரிமம்.
21 வயது: துப்பாக்கி உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம்.
25 வயது: சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் போட்டியிடலாம்.

21 வயது நிறைந்தால் மட்டும் போதாது. விண்ணப்பம் செய்தவரைப் பற்றிக் காவல்துறையின் அறிக்கை வர வேண்டும். வன்முறைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகும்வரை துப்பாக்கி வைத்திருக்க இயலாது. விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. தகுதியற்றவர் என்று தெரிந்தும் ஒருவருக்கு விற்பது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், திருமணம் போன்ற விழாக்களில் மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

விலக்கும் உண்டு. விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சிக்காக இளையோர் துப்பாக்கியைக் கையாளலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும், மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலங்கள் பெற்றதும் இளம் வயதில் தொடங்கிய பயிற்சியால் அன்றோ? தேசிய மாணவர் படையில் உள்ள மாணவியரும் .22 ரைபிளால் சுடக் கற்கின்றனர். அங்கே முதல் பாடம் சுடுவது அன்று. துப்பாக்கியை ஒருபோதும் ஆள்மேல் நீட்டாதிருத்தல், கட்டளை வரும்வரை விசையில் விரல் வைக்காதிருத்தல், சுட்டபின் காலித் தோட்டாக்களை எண்ணி ஒப்படைத்தல் ஆகியவையே முதற் பாடங்கள். பொறுப்பு பயிற்சியால் வருவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

பிற நாட்டில் ஒரு பாடம்

அமெரிக்க நாட்டில் 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, கடைகளில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது வேண்டும்; நீள்குழல் துப்பாக்கிக்கு 18 போதும். 2022 மே 24 அன்று டெக்ஸாஸ் மாநிலத்து யுவால்டி நகரில், 18 வயதை அப்போதுதான் எட்டிய ஓர் இளைஞன், சட்டப்படி வாங்கிய துப்பாக்கியுடன் ஒரு தொடக்கப் பள்ளியில் நுழைந்தான். 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் உயிரிழந்தனர். புளோரிடா மாநிலமோ, 2018இல் ஒரு பள்ளியில் 17 பேரை இழந்தபின் எல்லாத் துப்பாக்கிக்கும் வயதை 21ஆக உயர்த்தியது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி இன்னொன்று. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் 15 வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் நான்கு மாணவரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியைச் சில நாள்களுக்கு முன் வாங்கி வந்தவர் அவன் தந்தையே. 2024இல் தாய், தந்தை இருவரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்துச் சிறைக்கு அனுப்பியது. நம் நாட்டிலும் 2019 முதல், வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளையின் கையில் ஆபத்தான பொருளைத் தருபவர் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது.

நம் ஊரில் துப்பாக்கி அன்று, அரிவாள்

இவ்வளவும் படித்தபின், "நம் ஊரில் துப்பாக்கித் தொல்லை இல்லையே" என்று மனம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம் தாமிரபரணிக் கரையில் வயது வரம்பே இல்லாத ஆயுதம் ஒன்று உண்டு. அதுதான் அரிவாள்.

அரிவாள் உழைப்பின் கருவி. கார் பருவத்திலும் பிசானத்திலும் நெல் அறுப்பது அது. வாழைத்தார் வெட்டுவதும், தேங்காய் சீவுவதும், பனையேறி பாளை சீவுவதும் அது. கொல்லன் பட்டறையில் வியர்வை சிந்தி அடிக்கப்பட்டு, குடும்பத்திற்குச் சோறு போடுவது. ஆகவே வீட்டுக்கும் உழவுக்கும் உரிய கருவிகளை ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை. அது சரியே, உழவன் அரிவாளுக்கு உரிமம் கேட்டு அலைய முடியுமா?

ஆனால் 2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, இரவில் அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். சாதிப் பகைமையே காரணம். தடுக்க ஓடிவந்த அவன் தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் பதினெட்டு வயது நிறையாத பள்ளி மாணவரே. வெட்டுண்ட மாணவன் உயிர் பிழைத்து, மறு ஆண்டு அரசுத் தேர்வெழுதித் தேறினான் என்பது நமக்கு ஆறுதல். ஆனால் வெட்டிய சிறுவர்களின் படிப்பும் எதிர்காலமும் என்னவாகும்? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, கொடிய குற்றம் செய்த 16 முதல் 18 வயதினரைத் தக்க ஆய்வுக்குப் பின் வயது வந்தவரைப் போலவே விசாரிக்கவும் இடமுண்டு. "சின்னப் பையன்தானே" என்ற சொல் எப்போதும் காப்பாற்றாது.

இந்நிகழ்ச்சிக்குப்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி மாணவர் பள்ளிக்கு வரலாகாது என்பது அவருடைய பரிந்துரைகளுள் ஒன்று. ஆழ்ந்து நோக்கினால் உண்மை விளங்கும். அரிவாள் கைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே கயிறு வருகிறது. கயிற்றிற்கு முன்பே வீட்டுப் பேச்சில் வெறுப்பு வருகிறது. கருவிக்கு வயது வரம்பு வைக்கலாம். வெறுப்புக்கு எந்தச் சட்டம் வயது வரம்பு வைக்கும்?

திருமறை காட்டும் வழி

கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளனாகிய மால்குவின் காதை வெட்டினார். ஆண்டவர் அவரைப் பாராட்டவில்லை. வாளை உறையிலிடச் சொல்லி, பகைவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். பேதுரு சிறுவர் அல்லர், வயது வந்தவர்தாம். ஆயினும் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்னும் பழமொழி அவர்க்கும் பொருந்திற்று.

ஈட்டிகள் அரிவாள்களாக அடிக்கப்படும் நாளை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். போர்க்கருவி உழவுக்கருவி ஆவதே இறைவன் விரும்பும் உலகம். உழவுக்கருவியைப் போர்க்கருவி ஆக்குவோர் அக்கனவைத் தலைகீழாக்குகின்றனர்.

நம் அண்டையில் வாழ்ந்த புனித தேவசகாயத்தையும் நினைப்போம். 1745இல் நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். எல்லாரோடும் வேற்றுமையின்றிப் பழகியவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அன்று துப்பாக்கி ஏந்தியவர்களின் பெயரை இன்று யார் சொல்கிறார்கள்?

நாம் செய்யத்தக்கவை

மாணவியரே, இது ஆண்பிள்ளைகளின் சங்கதி என்று ஒதுங்க வேண்டா. அரிவாளை ஏந்திப் படமெடுத்துக் கைப்பேசியில் பரப்புவதை வீரம் என்று எண்ணிப் பாராட்டுவோர் நம்மிலும் உண்டு. அந்தப் பாராட்டை நிறுத்துவது முதற்படி. தம்பியோ, அண்ணனோ, உடன் படிப்பவரோ ஆயுதத்தை மறைத்து வைத்திருப்பது தெரிந்தால், நீங்களே தடுக்கப் போகாதீர்கள். உடனே பெற்றோரிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ சொல்லுங்கள். அஞ்சினால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். காட்டிக் கொடுப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. நீங்கள் சொல்லும் ஒரு சொல் இரண்டு வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றக்கூடும்.

பெற்றோர்களே, வேலை முடிந்ததும் அரிவாளைக் கழுவி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதைவிட முக்கியமாக, பிற சாதியாரைப் பழிக்கும் பேச்சைச் சாப்பாட்டு வேளையில் பேசாதீர்கள். அரிவாளைப் பூட்டி வைத்துவிட்டு வெறுப்பைத் திறந்து வைப்பதில் பயன் என்ன?

முடிவுரை

சட்டம் 21 என்கிறது. அந்த வயது வரும்வரை பொறுப்பு காத்திருப்பதில்லை. கோபம் வரும்போது வாயை அடக்குவது ஏழு வயதுப் பயிற்சி. தோழியோடு பிணங்கினால் தானே முன்வந்து பேசுவது பத்து வயதுப் பயிற்சி. அநியாயத்தைக் கண்டால் பெரியவரிடம் துணிந்து சொல்வது பதினைந்து வயதுப் பயிற்சி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது, இருபத்தொன்றிலும் வளையாது. இப்பயிற்சிகளை இன்றே தொடங்குவோம். தாமிரபரணி நாட்டு அரிவாள் கதிரை மட்டும் அறுக்கட்டும்.

வகுப்பில் சிந்திக்க:

1. வாக்களிக்க 18, துப்பாக்கிக்கு 21 எனச் சட்டம் வேறுபடுத்துவது ஏன்?
2. வயது வரம்பு வைக்க இயலாத கருவிகளை நாம் எவ்வாறு பொறுப்புடன் கையாள்வது?
3. ஒரு தோழி உங்களிடம் சொன்ன இரகசியத்தை எப்போது பெரியவரிடம் சொல்ல வேண்டும்?