துணி உலர்த்தும் இயந்திரம் சூடேறாவிட்டால்

நம்மவர்களில் பலர் இன்று டோபிக் கடை நடத்துகின்றனர். உணவுக் கடை வைத்திருப்போரும் மேசை விரிப்பு முதலியவற்றைத் தாமே துவைத்து உலர்த்திக் கொள்கின்றனர். மழைக்குப் பெயர்போன தைப்பிங்கில் மட்டுமல்ல, நமது ஈப்போவிலும் பிற்பகல் மழையால் கொடியை நம்புவதற்கில்லை. ஆகவே டிரையர் அவசியமாகிவிட்டது. அது சுற்றுகிறது, ஆனால் சூடேறவில்லை என்றால் என்ன செய்வது? இதுவே இன்றைய பாடம்.

நாம் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு பெருநாள் சமயம் நமது கடை டிரையர் குளிர்ந்து போயிற்று. வந்தவர் சூடேற்றும் கம்பியை மாற்றினார், பணம் கொடுத்தோம். மூன்று வாரத்தில் மீண்டும் அதே கதை. வேறொருவர் வந்து, "பாதுகாப்புக் கட்அவுட் போய்விட்டது, ஒரு வயரை வைத்து இணைத்துவிடுகிறேன்" என்றார். துணி மலைபோல் குவிந்திருந்ததால் நாமும் சரி என்றோம். தவறு நம்முடையதே. இரண்டாம் நாள் கருகல் வாடை வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைச் சட்டை பழுப்பேறிவிட்டது. விலையைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம்.

நோயைக் கண்டுபிடித்தவர், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முன்பு புகைக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர். கடையின் பின்சந்துக்குப் போய், காற்று வெளியேறும் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்தார். "பாய், சூடு இருந்து என்ன? காத்து வெளியே போக வழியில்லையே!" என்றார். குழாயைக் கழற்றினால், உள்ளே பஞ்சுத் தூசி மெத்தைபோல் அடைத்திருந்தது. வடிகட்டியை நாம் தினமும் சுத்தம் செய்தோம். குழாயை ஒரு நாளும் பார்க்கவில்லை.

பெரியவர் சொன்னதில் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்ட முதல் நாள், 40 டிகிரி சுமாரான சூட்டில் மேல் திறப்புகளைத் திறந்து வைப்பார்கள். ஈரம் போன பின்பே சூட்டை 60 டிகிரி வரை கூட்டுவார்கள். டிரையரும் அவ்விதமே. காற்று போகாவிட்டால் சூடு உள்ளேயே தேங்கும். இயந்திரம் எரிந்துவிடாதபடி கட்அவுட் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். துண்டித்தது குற்றமன்று, அது காவல்காரன் செய்த வேலை.

இனிப் பரிசோதிக்கும் வரிசை:

முதலாவது: "சூடில்லாக் காற்று" என்ற இடத்தில் திருகு நிற்கிறதா என்று பாருங்கள். துணி சொட்டச் சொட்ட இருந்தால் குறை துவைக்கும் இயந்திரத்தினுடையது. ஹீட் பம்ப் வகை டிரையர் மற்றவைபோல் சுடாது, அது பழுதன்று.

இரண்டாவது: வடிகட்டி, குழாய், வெளிவாய் மூடி ஆகியவற்றைச் சுத்தம் செய்யுங்கள். வெளியே கையில் காற்று பலமாகப் பட வேண்டும்.

மூன்றாவது: பிளக்கைக் கழற்றிய பின்பே மூடியைத் திறந்து, மீட்டரால் சோதிக்க வேண்டும். 230 வோல்ட்டில் 2300 வாட் கம்பி 10 ஆம்பியர் இழுக்கும்; மீட்டரில் ஏறக்குறைய 23 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்தது. கட்அவுட்டும் தெர்மோஸ்டாட்டும் ஆறிய நிலையில் பூஜ்யத்துக்கு அருகில் காட்ட வேண்டும். பழக்கமில்லாதவர் லைசென்ஸ் பெற்ற வயர்மேனை அழைப்பதே நலம்.

அமெரிக்கப் புத்தகங்கள், "மின்சாரத்தின் ஒரு பாதி நின்றால் டிரையர் சுற்றும், சூடேறாது" என்று கூறும். அங்கே 240 வோல்ட் இரண்டு 120 வோல்ட் பாதிகளாக வருகிறது. நம் கடைகளில் பிளக்கில் செருகும் டிரையருக்கு அது பொருந்தாது.

நான்காவது: கேஸ் டிரையரானால், பற்றவைக்கும் கம்பி சிவக்கிறதா என்று கவனியுங்கள். சிவந்தும் சுடர் வராவிட்டால், கேஸ் தீர்ந்திருக்கலாம் அல்லது வால்வு காயில் கெட்டிருக்கலாம். பல இயந்திரங்கள் ஒரே சமயத்தில் இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும், அழுத்தம் குறையும். கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியேறுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கட்அவுட்டை வயரால் இணைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் 18 மாடிக் கட்டடமொன்றில் ஏற்பட்ட தீக்குக் காரணம் ஒரு பழுதான டிரையரே. சூடேற்றும் கம்பியில் பஞ்சுத் தூசி பட்டுத் தீப்பற்றக்கூடும் என்று அவ்வகை இயந்திரங்களைப் பற்றி 2015லேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. நம் கடைகளோ ஒட்டிய சுவர்களுடன் வரிசையாக நிற்பவை. ஒருவர் கடையில் பிடித்த தீ அவரோடு நிற்காது.

வாடிக்கையாளரின் துணி நம்மிடம் உள்ள அமானிதம். அது ஒரு நாள் தாமதமாகத் திரும்பினால் பொறுத்துக்கொள்வார். கருகித் திரும்பினால் பொறுக்கமாட்டார். ஆகவே சூடு குறைந்தால் முதலில் காற்றைப் பாருங்கள்; பிறகு கம்பியைப் பாருங்கள்.